பரண் பித்தளையைத் தேய்ப்பதற்கு முன்

பாட்டி வீட்டுப் பாத்திரங்களை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "புதுசு மாதிரி பளபளன்னு ஆக்கித் தருவீங்களா?" என்பதுதான். தரலாம். பஃப் மிஷினில் (மெருகேற்றும் சுழல் சக்கரத்தில்) பிடித்தால் சீக்கிரமே மின்னும். ஆனால் தவலையின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும் அதோடு மழுங்கிவிடும். சீர் கொடுத்தது யார், எந்த ஊர், சில சமயம் தேதி, எல்லாம் அங்கேதான் இருக்கும். முதலில் அதைப் படித்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எழுத்தில் அழுக்கு அடைந்திருந்தால் பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

அப்புறம், அது பித்தளைதானா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். உருளி பெரும்பாலும் வெண்கலம். சுண்டினால் ஓசை நீண்டு ஒலிக்கும், பித்தளையில் சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடும், பார்த்துத் தூக்குங்கள்.

கனமாக இருந்தால் பழசு என்பதை நான் நம்புவதில்லை. குடத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்த கோடு தெரிந்தால் அது கைவேலை, பழசாக இருக்கலாம்.

புளி நல்லதுதான், ஆனால் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். அமிலம் துத்தநாகத்தை அரித்தெடுக்கும். அங்கங்கே செம்பு நிறத் திட்டு விழும். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது. கரைத்த புளியைப் பூசி, சில நிமிடத்தில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

குத்துவிளக்கில் இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் சுரண்டுவதும் அடுப்பில் காட்டுவதும் வேண்டாம். மரை கழற்றித் தண்டு, தட்டு என்று தனித்தனியாகப் பிரித்து, சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் எடுங்கள். மரை இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள்.

சமைக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. உட்புறம் வெள்ளையாக இருந்தால் அது ஈயப்பூச்சு. கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடவும் கூடாது: பூசுவது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பூச்சு போய் மஞ்சள் தெரிந்தால், மறுபடி ஈயம் பூசும் வரை ரசமும் மோரும் அதில் வேண்டாம். புளிப்புப் பட்டு ஏறும் பச்சைக் களிம்பு விஷம். பழைய பற்றவைப்பு ஒட்டுகளில் காரீயம் (lead) இருக்கலாம், அதுவும் விஷம்தான்; அப்படிப்பட்டதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கை வெளிநாட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகு பெட்டியில் வையுங்கள்.