கடைசிப் பாட்டு ஏன் கரகரக்கிறது?

லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் நான்காவது ஆல்பத்தில் (1971) இங்கிலாந்தில் அச்சான இசைத்தட்டு உசத்தியா, அமெரிக்காவில் அச்சானது உசத்தியா என்று கொடைக்கானலில் நாலு பேர் கூடி வாதாடும் முன், ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரைத்துப் பார்க்க எல்லோரும் எடுக்கும் 'ஸ்டேர்வே டு ஹெவன்', முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. சுற்று மாறுவதில்லை, ஊசிக்கடியில் தடம் ஓடும் வேகம் மாறுகிறது. விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ., லேபிள் அருகே 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு விளிம்பில் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம் கிடைக்கிறது. உள்ளே வெறும் 21. சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமே 18 மைக்ரான். அந்த நெளிவுக்குள் நுழைய முடியாமல் முனை மேலோடு உரசிப் போகிறது. டிரம்ஸோடு சேர்ந்த சிம்பல் தாளத்தின் ஓசை மணலை அரைப்பது போல் கேட்கும். 'ஸ்டேர்வே டு ஹெவன்' எட்டு நிமிடப் பாட்டு. மெல்லத் தொடங்கி, டிரம்ஸும் மின்கிட்டாரும் உச்சத்துக்கு ஏறுவதற்குள் ஊசி லேபிளை நெருங்கிவிடும். இதற்கு அச்சைக் குறைசொல்வது நியாயமே இல்லை. பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான் உள்ள நீள்வட்ட முனையை மாட்டிக் கேட்ட பிறகு வாதத்தைத் தொடரலாம்.

மலையில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஊசி பொருத்திய சிறு கூடான கார்ட்ரிட்ஜுக்குள் ஊசித்தண்டைத் தாங்கி நிற்பது கடுகளவு ரப்பர். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் அது விறைத்துப்போக, ஊசி தடத்தோடு ஒட்டி ஓடாமல் துள்ளும். அறை 20 டிகிரிக்கு வந்து அரைமணி கழித்து ஊசியை இறக்குங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடை 1.5 முதல் 2 கிராம் என்று கார்ட்ரிட்ஜுக்குக் குறித்திருந்தால் 1.9 வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்புக் கணக்கு. துள்ளும் ஊசிதான் தடத்தைச் செதுக்கும். தட்டைக் கணப்புப் பக்கம் வைத்தால் வளைந்துவிடும்.

ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிப்பது முதலில் காகித உள்ளுறையில். பிறகு தட்டில் படிந்த கைரேகையில். அந்த உள்ளுறையைத் தூக்கி எறியுங்கள். நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, லேபிள் நனையாமல், தடத்தின் போக்கிலேயே மென்துணியால் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடையுங்கள். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு தடத்தில் தங்கி 'பட் பட்' என்று வெடிக்கும். பாத்திர ஸ்டாண்டில் நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகே புது உறையில் போடுங்கள். தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் இந்தக் கலவை படவே கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.