கோடையில நீளும், குளிர்ல சுருங்கும்: பழைய காலத்து ஒரு மணி நேரம்

ஒரு மணி நேரம்னா 60 நிமிஷம், இதுல யோசிக்க என்ன இருக்குன்னு தோணும். ஆனா ரொம்ப காலத்துக்கு அந்த ஒரு மணி நேரமே வருஷம் பூரா நீண்டு சுருங்கிட்டேதான் இருந்துச்சு, யாருக்கும் அது விசித்திரமா படல.

கணக்கு சிம்பிள். சூரியன் உதிச்சு மறையற வரைக்கும் எவ்ளோ வெளிச்சமோ அத 12 பங்கா போடு, ராத்திரிய தனியா 12 பங்கா போடு. எகிப்துலயும் இப்படித்தான், பின்னாடி ரோம்லயும் இப்படித்தான். ரோம் நகரத்துல ஜூன்ல பகல் சுமார் 15 மணி நேரம், அப்போ ஒரு பங்கு நம்ம கணக்குல 75 நிமிஷம். டிசம்பர்ல பகல் 9 மணி நேரம்தான், அதே ஒரு பங்கு 45 நிமிஷம் ஆயிடும்.

பகல்ல நிழல் காட்டிக் குடுத்துடும், ராத்திரிக்கு என்ன பண்றது? எகிப்துல கர்னாக் கோயில்ல கிடைச்ச சுமார் 3400 வருஷத்துக்கு முந்தின தண்ணி கடிகாரத்த பாத்தா அசந்து போவீங்க. பாக்க ஒரு வாளி மாதிரி, அடியில சின்ன ஓட்டை. தண்ணி நிறைய இருக்கறப்ப வேகமா ஒழுகும், குறைய குறைய மெதுவாயிடும், அத சரிக்கட்டத்தான் வாய அகலமாவும் அடிய குறுகலாவும் செஞ்சிருக்காங்க. அதோட உள்பக்கம் மாசத்துக்கு ஒண்ணுன்னு 12 வரிசை புள்ளி, ஏன்னா ராத்திரியோட நீளம் மாசா மாசம் மாறுதுல்ல!

6ஆம் நூற்றாண்டுல பெனடிக்ட் துறவி மடங்களுக்கு எழுதின சட்டத்துல ஜெபம், வேலை, படிப்பு எல்லாமே இந்த நீளுற மணியிலதான் இருக்கு. கோடையில விடிஞ்சதுலேர்ந்து எண்ணி நாலாம் மணி வரைக்கும் உடம்பு வேலை, ஆறாம் மணி வரைக்கும் படிப்பு, அப்புறம் சாப்ட்டு படுக்கலாம். ஆறாம் மணின்னா உச்சி வெயில், லத்தீன்ல செக்ஸ்தா, மதியத் தூக்கத்துக்கு ஸ்பானிஷ்ல சொல்ற சியெஸ்தா அதுலேர்ந்து வந்ததுதான். நோனான்னா ஒன்பதாம் மணி, மதியம் மூணு மாதிரி. விரத நாள்ல அந்த மணிக்கான ஜெபம் முடிஞ்சாதான் சாப்பாடு, அது கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து கடைசில உச்சி வேளைக்கே வந்துடுச்சு, இங்கிலீஷ்ல நூன்னு சொல்றது அதத்தான். பசிதான் இழுத்துட்டு வந்துச்சுன்னு ஒரு விளக்கம் உண்டு, எனக்கு அது ரொம்பவே நம்பும்படியா இருக்கு.

இஸ்லாத்துல மணி எண்ணவே வேணாம், ஐந்து வேளைத் தொழுகையும் சூரியன வெச்சுத்தான். உச்சி நேரத்து நிழலுக்கு மேல ஒரு குச்சியோட நிழல் அந்த குச்சி நீளத்துக்கு வளந்துட்டா அஸர்ங்கற பிற்பகல் தொழுகை நேரம் வந்தாச்சுன்னு பெரும்பாலான அறிஞர்கள் கணக்கு.

அப்புறம் வேலைக்கு மணி வந்துச்சு. 1335ல பிரான்ஸ்ல அமியான் நகரத்துல தொழிலாளிங்க எப்ப வேலைக்கு போகணும், எப்ப சாப்பிடணும்னு சொல்ல தனியா ஒரு மணி அடிக்க ராஜா அனுமதி குடுத்தாரு. அடுத்த வருஷமே மிலான்ல ஒரு கோபுரக் கடிகாரம் 24 சம மணிய அடிக்க ஆரம்பிச்சுது. நாமளும் நேரத்துக்கும் மணின்னுதான் சொல்றோம், அடிக்கிறதுக்கும் மணின்னுதான் சொல்றோம், கிளாக்குங்கற சொல்லும் லத்தீன்ல மணியக் குறிச்ச சொல்லுலேர்ந்து வந்ததுதான்.

பல்சக்கரம் ஒரே வேகத்துல ஓடற சாமான், நேரத்த நீட்டு சுருக்குன்னா அதுக்கு கஷ்டம், அதனால ஐரோப்பா மெஷினுக்கு ஏத்த மாதிரி மணிய மாத்திக்கிச்சு. ஜப்பான்ல தலைகீழா மெஷின மாத்தினாங்க. அங்க பகலுக்கு 6 பங்கு, ராத்திரிக்கு 6 பங்கு. கடிகாரத்துக்குள்ள இப்படியும் அப்படியும் ஆடற ஒரு கம்பி, அதோட ரெண்டு முனையிலயும் குட்டி எடைக்கல்லு, கல்ல வெளிப்பக்கம் தள்ளினா ஆட்டம் மெதுவாகும், உள்ள தள்ளினா வேகமாகும். விடியறப்ப ஒரு தடவ, இருட்டறப்ப ஒரு தடவ அந்த கல்ல ஒருத்தர் நகத்தி வைக்கணும், பின்னாடி பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணுன்னு ரெண்டு கம்பி வெச்சு தானா மாறும்படி செஞ்சாங்க. 1873ல 24 சம மணிக்கு மாறுற வரைக்கும் இதுதான் அங்க நேரம்.