சைனஸ்: குழியா, அறையா?

"மூக்குக் குழிப் புற்றுநோய் பெரும்பாலும் கன்னத்தில்தான் தொடங்கும்." நோயாளிகளுக்கான ஒரு கையேட்டில் இப்படி அச்சாகியிருந்தது. மூக்குக் குழி எப்படிக் கன்னத்துக்குப் போனது? இரண்டு முறை படித்த பிறகுதான் பிடிபட்டது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்திருக்கும் இடங்களை ஆங்கிலத்தில் 'பாராநேசல் சைனஸ்' என்பார்கள், அதைத்தான் மொழிபெயர்த்தவர் மூக்குக் குழி ஆக்கியிருக்கிறார். இந்தத் தவறை எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். சைனஸ் லத்தீன், மடிப்பு, வளைவு, மடி, கடற்குடா எல்லாம் பொருள். (கணக்கில் வரும் சைனும் இதே சொல்தான். வடமொழி 'ஜ்யா' அரபிக்குப் போய், அங்கே மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' என்று மாற்றிப் படிக்கப்பட்டு, 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் சைனஸ் ஆனது. தப்பான மொழிபெயர்ப்புக்கும் பரம்பரை உண்டு.) 'பாரா' கிரேக்கம், பக்கத்தில் என்று பொருள். ஆக, மூக்கின் பக்கத்தில் உள்ள வெற்றிடம். மூக்குக்குள் இருப்பது அல்ல.

மூக்குக் குழி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நாம் மூச்சுவிடும் பாதை. மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இரண்டின் புற்றுநோயையும் ஒரே தலைப்பில் சேர்த்துத்தான் பேசும், அப்போது என்ன செய்வார்கள்? 'மூக்குக் குழி மற்றும் மூக்குப் பக்கக் குழி' என்று எழுதுவார்கள், படிப்பவர் இரண்டு நாசித் துவாரங்களைச் சொல்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார். தவிர, குழி என்றால் மேலே திறந்திருக்கும், எட்டிப் பார்க்கலாம். இவையோ மண்டை எலும்புக்குள் நான்கு புறமும் சுவர் உள்ள, காற்று நிறைந்த இடங்கள். மூக்குப் பக்கம் ஒரு சின்ன வாசல் மட்டும் உண்டு. அதை அறை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இதயத்துக்கு நான்கு அறைகள் என்று பள்ளியில் படித்தபோது யாரும் மறுக்கவில்லையே.

இன்னொரு கட்சி 'நாசிப் புரை' என்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, உள்ளீடற்ற இடம் என்ற பொருளும் புரைக்கு உண்டு. ஆனால் கண்புரை, புரையோடிய புண், சாப்பிடும்போது புரையேறுவது என்று அந்தச் சொல் ஏற்கெனவே சுமப்பது போதும். 'நாசிப் புரைப் புற்று' என்று எழுதினால் மூக்கில் ஆறாத புண் என்றுதான் ஆள் பயப்படுவார். சரி, சைனஸ் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: "எனக்கு சைனஸ் இருக்கு" என்பது நம் ஊர்ப் பேச்சில் அழற்சியைக் குறிக்கிறது. சைனஸ் எல்லோருக்கும்தான் இருக்கிறது! 'சைனஸ் புற்றுநோய்' என்று தலைப்புப் போட்டால் சளித்தொல்லைக்காரர் அத்தனை பேரும் அன்றிரவு தூங்க மாட்டார்கள்.

நான் சொல்வது காற்றறை. முதல் தடவை 'மூக்கையொட்டிய காற்றறைகள்', அப்புறம் வெறும் காற்றறை. மொத்தம் நான்கு இணை. கன்னக் காற்றறை மேல்தாடை எலும்புக்குள் இருக்கிறது, நான்கில் பெரியது. புற்று அதிகம் முளைப்பதும் இங்கேதான். அடுத்தது கண்களுக்கு நடுவே உள்ள சல்லடைக் காற்றறை. நாள்பட மரத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் சுரப்பித்திசுப் புற்று பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் தோன்றுகிறது. நெற்றி அறையிலும், மண்டையின் நடு ஆழத்தில் ஆப்பு எலும்புக்குள் உள்ள அறையிலும் தொடங்குவது மிக அரிது.

கன்னக் காற்றறையின் தரை மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலேயே இருக்கிறது, கூரைதான் கண்குழியின் தரை. கட்டி கீழே வளர்ந்தால் பல் ஆடும், மேலே போனால் கண் பிதுங்கும், முன்னால் வந்தால் கன்னம் வீங்கும் அல்லது மரத்துப்போகும். உள்ளே காலியிடம் இருப்பதால் வெகுநாள் எதுவும் தெரியாது. ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் ரத்தம் என்று மூக்கிலும் அறிகுறி வரும்தான், ஆனால் மூக்குக் குழி என்று படித்தவர் ஆடுகிற பல்லை இதோடு சேர்த்து யோசிப்பாரா? பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

'மூக்கு' என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க 'நாசி' எதற்கு என்றும் எனக்குப் புரிவதில்லை. அதைத் தனியாகத்தான் திட்ட வேண்டும்.

ஒரு நண்பர் என் சொல்லுக்கும் குறை கண்டுபிடித்தார். 'காற்று' என்பதை விட்டுவிட்டு யாராவது 'கன்ன அறை' என்று சுருக்கினால் என்ன ஆகும் என்றார். கன்னத்தில் அறை விழும். அந்த ஒரு காரணத்துக்காகவாவது காற்றை விடாதீர்கள்.