பளபள டைல்ஸ் ஏன் வழுக்குகிறது? வாடகை வீட்டுச் சமையலறைத் தரையை என்ன செய்வது?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வசதி எப்படி, வெளிச்சம் வருமா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். சமையலறைத் தரையை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குடிவந்து பால் காய்ச்சி, முதல் தடவை பாத்திரம் தேய்த்து, சிங்க்கிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் கீழே விழுந்த பிறகுதான் தெரியவரும், ஹாலில் போட்ட அதே இரண்டுக்கு இரண்டு பளபள டைல்ஸை அப்படியே சமையலறைக்குள்ளும் இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்று. சென்னை, கோவை அடுக்குமாடிகளில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

சொந்த வீடென்றால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே ஓனரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சரி, தரையைத் தொடாமல் வழுக்கலை மட்டும் குறைக்க முடியுமா? முடியும். ஆனால் அந்த வழுக்கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் பழி போடுவது டைல்ஸின் வழுவழுப்பின் மேல், உண்மையில் கீழே தள்ளுவது வேறொன்று.

காய்ந்த, சுத்தமான பளபள டைல்ஸ் மேல் ரப்பர் செருப்பை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கீச்சென்று சத்தம் போட்டுப் பிடித்துக்கொள்ளும். மென்மையான ரப்பர் அந்தச் சமதளத்தோடு நெருங்கிப் படிவதால், இரண்டு பரப்புகளின் மூலக்கூறுகளுக்கும் இடையே ஒட்டு விசை உண்டாகிறது. தரை எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு நெருக்கமாகப் படியும். சமதரையில் சாதாரணமாக நடப்பதற்கு உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பைச் சொல்லும் எண், சுமார் 0.2 இருந்தாலே போதும், காய்ந்த டைல்ஸ் அதைவிடப் பல மடங்கு தருகிறது. ஆக, வழுவழுப்பு மட்டும் யாரையும் தள்ளிவிடுவதில்லை.

இப்போது நடுவில் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. கால் கீழே இறங்கும்போது அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட வேண்டும், அப்போதுதான் பாதம் தரையைத் தொடும். ஆனால் திரவம் ஒதுங்க நேரம் பிடிக்கும், அதுவும் படலம் மெலிய மெலிய இன்னும் மெதுவாகத்தான் ஒதுங்கும். 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் இயந்திரங்களில் மசகு எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கணிதம் எழுதினார். அதே கணிதம்தான் நம் சமையலறையிலும் நடக்கிறது. இரண்டு பரப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட திரவத்துக்குள் அழுத்தம் உருவாகி, அது மேலே உள்ள எடையைத் தாங்குகிறது. அந்தக் கணத்தில் உங்கள் உடல் எடை டைல்ஸ் மேல் இல்லை, தண்ணீர் மேல் இருக்கிறது. தண்ணீரோ பக்கவாட்டுத் தள்ளலை எதிர்த்து நிற்காது.

நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது, அது முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே தொடுகிறது. ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் சறுக்கத்தான் செய்கிறது. 3 சென்டிமீட்டருக்குள் என்றால் நமக்குத் தெரியவே தெரியாது. 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் உடலை மீட்க முடியாது. இளவயதில் கையை ஊன்றித் தப்பிக்கிறோம். எழுபது வயது அம்மாவுக்கு அந்த வேகம் இருக்காது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் படுக்கை என்று போய்விடும். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை.

படலம் சீக்கிரம் ஒதுங்குமா ஒதுங்காதா என்பதை முடிவு செய்பவற்றில் முதலாவது திரவத்தின் பிசுபிசுப்பு. சமையல் எண்ணெய் நம் ஊர் வெயிலில்கூடத் தண்ணீரைவிட 50 மடங்குக்குக் குறையாத பிசுபிசுப்பு உடையது, அதனால் அது ஒதுங்கவும் அத்தனை மடங்கு நேரம் பிடிக்கும். இரண்டாவது, தொடும் பரப்பின் அகலம். ஒரே தட்டையான அடிப்பாகம் என்றால் நடுவில் இருக்கும் திரவம் ஓரத்துக்கு வர நெடுந்தூரம் போக வேண்டும். அடிப்பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினால் பள்ளத்துக்குள் உடனே போய்விடும். ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் திரவம் ஒதுங்கும் நேரம் கால்வாசியாகிவிடுகிறது. செருப்பின் அடியில் இருக்கும் வரிப்பள்ளம் அழகுக்காக இல்லை. தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிப்போன பழைய ஹவாய் செருப்பை "வீட்டுக்குள்ளதானே" என்று சமையலறையில் போட்டுக்கொள்கிறோமே, ஈரத் தரைக்கு அதைவிட ஆபத்தான காலணி இல்லை.

மூன்றாவது, தரையின் சொரசொரப்பு. சொரசொரப்பான தரையில் நுண்ணிய முகடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து ரப்பரைக் குத்துகின்றன. ரப்பர் அந்த முகடுகளைச் சுற்றி அமுங்கி மீளும்போது ஆற்றலை இழக்கிறது, அந்த இழப்பே பிடிப்பாகிறது, ஈரத்திலும் இது வேலை செய்யும். எவ்வளவு சொரசொரப்பு வேண்டும்? பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம், வெறும் தண்ணீர் சிந்தும் இடத்துக்கு 20 மைக்ரான், சோப்புத் தண்ணீருக்கும் பாலுக்கும் 45, ஆலிவ் எண்ணெய் மாதிரியான எண்ணெய்க்கு 70 மைக்ரான் இருக்க வேண்டும் என்கிறது. 70 மைக்ரான் என்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸில் இது 10 மைக்ரானுக்கும் வெகு கீழே. தண்ணீருக்கே பத்தாத தரையில் நாம் கடுகு தாளித்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெய் சிந்தினால்தானே என்று நினைக்காதீர்கள். தாளிக்கும்போதும் அப்பளம், வடை பொரிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் தெறித்து, அடுப்புக்கு முன்னால் இரண்டடி தூரத்துக்குத் தரையில் படிகின்றன. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து கெட்டியாகி, தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் மேல் விழும் தண்ணீரும் சேர்ந்து வழுக்குகிறது.

இதைப் போக்க நாம் செய்வது சில நேரம் நிலைமையை மோசமாக்குகிறது. வாசனைக்காகவும் சுத்தத்துக்காகவும் மாப் வாளியில் க்ளீனரைத் தாராளமாக ஊற்றித் துடைத்து, அப்படியே காயவிடுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், சோப்பு ஆவியாகாது. அதன் மூலக்கூறுகள் தரையில் மெல்லிய படிவாக உட்கார்ந்துவிடும். காய்ந்திருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தயார். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையையும் குறைத்துவிடுவதால், திரண்டு நிற்க வேண்டிய சொட்டு பரந்து படர்ந்துவிடுகிறது. "நல்லாத்தான் துடைச்சேன், ஆனாலும் வழுக்குது" என்று வருத்தப்படுபவர்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது இதுதான். வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி பிசுக்கென்று ஆனாலோ லேசாக நுரைத்தாலோ அந்தப் படிவு இருக்கிறது.

அதை எடுக்க அரை வாளி வெந்நீரில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போதும். அதன் காரத்தன்மை பழைய எண்ணெய்ப் பிசுக்கை உடைத்துக் கரைக்கும். கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்து, கடைசியில் காய்ந்த துணியால் ஒரு தடவை. இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதன் பிறகு அன்றாடம் க்ளீனர் மூடி அளவுக்கு மேல் வேண்டாம். ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், ஜன்னல் சின்னதாக இருக்கும் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

நம் வீடுகளில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் சமைக்கிறோம். தோல் லேசாக ஈரப்பட்டால் மேலடுக்கு மிருதுவாகித் தரையோடு நன்றாகப் படியும், உராய்வு கூடும். ஆனால் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே முழுப் படலமே உருவாகும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் மேலே சொன்ன கதைதான். வெறுங்கால் பாதுகாப்பு என்று முழுசாக நம்பவும் வேண்டாம், செருப்பு போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அடியில் வரிப்பள்ளம் உள்ள மிருதுவான ரப்பர் செருப்பு ஒன்றைச் சமையலறைக்கென்றே தனியாக வைத்துக்கொள்வது வயதானவர்களுக்கு நல்லது.

அடுத்தது கால்மிதி. பழைய புடவையையோ டவலையோ மடித்துப் போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணீரை உறிஞ்சும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பருத்தித் துணிக்கும் பளபள டைல்ஸுக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு, துணியோடு சேர்ந்து ஆளே போய்விடுவார். சாக்குத் துண்டும் அப்படியே. அடியில் ரப்பர் பூச்சு உள்ள மிதியடி வேண்டும், அல்லது துணிக்கு அடியில் விரிக்கும் வலை போன்ற வழுக்காத விரிப்பை வாங்கிக்கொள்ளலாம். அந்த ரப்பரும் அடியில் மாவோ மண்ணோ இருந்தால் பிடிக்காது, துகள்கள் உருண்டு மிதியடியை நகர்த்திவிடும். வாரம் ஒரு முறை தூக்கி, அடியைக் கழுவி, தரையையும் காயவிட்டுப் போடுங்கள். சிங்க்குக்கு முன்னால் ஒன்று, அடுப்புக்கு முன்னால் ஒன்று. சமையலறை முழுவதும் விரிக்கத் தேவையில்லை, ஈரமும் எண்ணெயும் விழும் இடங்கள் அந்த இரண்டுதான்.

முழுத் தரையையும் மூட நினைப்பவர்கள் பிவிசி ஷீட் வாங்குகிறார்கள். ஒட்டாமல் விரித்தால் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது. வாங்கும்போது மேல்பரப்பை நகத்தால் கீறிப் பாருங்கள், வழுவழுவென்று இருந்தால் டைல்ஸ் பிரச்சினையைக் காசு கொடுத்து மறுபடி வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். கீழ்த்தளத்துப் பழைய சிமென்ட் தரை என்றால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மண்ணிலிருக்கும் ஈரம் சிமென்டின் நுண்துளைகள் வழியே மேலே ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஷீட் அந்த வழியை அடைத்துவிடும், அடியில் பூஞ்சையும் நாற்றமும் வரும். விரிப்பதற்கு முன் ஓரடி சதுர பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடியில் நீர் முத்துகளோ கருத்த ஈரத் திட்டோ தெரிந்தால் ஷீட் யோசனையை விட்டுவிடலாம். அப்புறம் கேஸ் சிலிண்டர். 14.2 கிலோ எரிவாயுவோடு முழு சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ வரும், அதன் அடி வளையத்தை இழுத்தால் ஷீட் கிழியும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் ஒன்று அவசியம்.

ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் தரை ஓடுகளை வாடகை வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எடுக்கும்போது பசை தங்கும், அதைச் சுரண்டும்போது அட்வான்ஸில் கழிப்பு வரும். வழுக்காமல் இருக்க டைல்ஸ் மேல் தடவும் ரசாயனங்களிலும் கவனம் தேவை. டைல்ஸ் சிலிக்கா சார்ந்த பொருள், சாதாரண ஆசிட் அதை அரிக்காது. அதனால் இவற்றில் பல ஃபுளோரைடு சேர்மங்களைக் கொண்டு மேற்பரப்பில் நுண்குழிகளை உண்டாக்குகின்றன. பிடிப்பு கூடுவது உண்மைதான், ஆனால் பளபளப்பு மங்கும், திரும்ப வராது, ஃபுளோரைடு தோலில் பட்டால் ஆழமான காயமும் உண்டாக்கும். ஓனர் எழுத்தில் சம்மதித்து, பழகிய ஆள் வந்து செய்தால் மட்டும் யோசிக்கலாம்.

மார்பிள், கடப்பா கல் தரைக்காரர்களுக்கு வேறு கவலை. இரண்டும் கால்சியம் கார்பனேட் நிறைந்த கற்கள். புளிக்கரைசலில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அதைக் கரைத்துவிடும். விழுந்த இடத்தில் தெரியும் மங்கல் கறையாக இருந்தால் துடைத்தால் போகும், இது கல்லே அரிக்கப்பட்ட தழும்பு, மறு பாலிஷ் போட்டால்தான் போகும். ரசம் சிந்தினால் அந்த நிமிடமே துடைத்துவிடுங்கள். குடிபுகும் அன்றே தரையைப் படமெடுத்து ஓனருக்கு அனுப்பி வையுங்கள், பழைய தழும்புகளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிராது.

ஓனர்களிடமும் ஒரு வார்த்தை. பாத்ரூமுக்குப் பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. தண்ணீரோடு எண்ணெயும் சேரும் சமையலறைக்கு மட்டும் ஏன் பளபளப்பு? அடுத்த தடவை டைல்ஸ் மாற்றும்போது பெட்டியிலோ விவரத் தாளிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று இருப்பதைக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்துத் தரும் ஜெர்மானியத் தரக் குறியீடு அது. ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர் 10 என்றால் 19 வரை, ஆர் 11 என்றால் 27 வரை. கடைக்காரர் "ஆர் 9 சார், வழுக்கவே வழுக்காது" என்றால், அந்த வரிசையில் ஆகக் கடைசிப் படி ஆர் 9 தான் என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள், பார்க்கப் போகும் வீட்டில் அனுமதி கேட்டு, சிங்க்குக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சுவரையோ மேடையையோ பிடித்துக்கொண்டு காலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால், மிதியடிக்கும் ஷீட்டுக்கும் ஆகும் செலவை ஓனர் ஏற்பாரா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம்.