கெட்ட வார்த்தை ஏன் சுடுகிறது?

மருத்துவர் ‘மலம்’ என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதையே குறிக்கும் கொச்சைச் சொல்லை ஒருவர் பேருந்தில் உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். அப்படியென்றால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

ஒலிக்கு ஒரு சிறு பங்கு உண்டு. இந்தி, ஹீப்ரூ, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் என்று ஒன்றோடொன்று நெருக்கமில்லாத மொழிகளின் வசைச்சொற்களை லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒப்பிட்டு, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ல, ர, ய, வ போன்ற ஒலிகள் வசைச்சொற்களில் குறைவாக வருகின்றன. தமிழ் இலக்கணம் இடையினம் என்று வகைப்படுத்தியிருக்கும் எழுத்துகள் இவை. ஆனால் ஒரு மொழியே தெரியாதவரை அந்த மொழியில் எவ்வளவு திட்டினாலும் அவருக்கு உறைக்காது. ஆகவே ஒலி மட்டும் போதாது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான சோதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. உணர்ச்சி எழும்போது விரல்களில் நுண்ணிய அளவில் வியர்க்கும். தோலின் மின்கடத்தும் திறன் கூடும். அதை அளந்துகொண்டே, பங்கேற்றவர்களைச் சில சொற்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். வசைச்சொல்லைப் படித்தபோது அளவு ஏறியது. அதே சொல்லை மறைமுகமாகக் குறிக்கும் இடக்கரடக்கலைப் படித்தபோது அவ்வளவு ஏறவில்லை. எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்று படித்தவருக்கு நன்றாகத் தெரியும். யாரையும் திட்டச் சொல்லவும் இல்லை. இருந்தும் உடல் அந்தக் குறிப்பிட்ட சொல்லுக்குத்தான் துள்ளியது.

இந்தப் பிணைப்பு சிறு வயதில் உண்டாகிறது. குழந்தை அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொல்லும்போது அதன் பொருள் அதற்குத் தெரியாது. அம்மாவின் முகம் மாறுவதும், வாயில் அடி விழுவதும்தான் தெரியும். சொல்லும் அந்தப் பயமும் சேர்ந்தே மனதில் பதிகின்றன. அமெரிக்காவின் பாஸ்டனில், ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்ட துருக்கியர்களிடம் இதே வியர்வைச் சோதனையைச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். தாய்மொழி வசைச்சொற்களுக்கு உடல் கூடுதலாக அதிர்ந்தது. அதைவிட முக்கியம், ‘உனக்கு வெட்கமாக இல்லையா’ என்பது போன்ற கண்டிப்புகள். ஆங்கிலத்தில் கேட்டபோது இல்லாத அதிர்வு துருக்கியில் கேட்டபோது வந்தது. அப்போது வீட்டுப் பெரியவர்களின் குரலே காதில் ஒலித்தது போலிருந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

ஆங்கிலக் கெட்ட வார்த்தையைப் பேச்சுக்குப் பேச்சு அள்ளி வீசும் நம் ஊர் இளைஞர்கள், அதற்குரிய தமிழ்ச் சொல்லை வீட்டில் வாய்தவறிக்கூடச் சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

மூளையிலும் இந்தச் சொற்கள் தனி வழியில் போகின்றன. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளியால் ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர வேறெதையும் பேச முடியவில்லை. ஆனால் கோபம் வந்தால் கடவுளின் பெயரை இழுத்து ஒரு வசவு முழுசாக வெளியே வரும். யோசித்து வாக்கியம் அமைக்கும் இடப்பக்க மூளைப் பகுதி சிதைந்த பிறகும் வசைச்சொல் மிஞ்சுவதை மருத்துவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். உணர்ச்சியையும் பழகிப்போன செயல்களையும் நடத்தும் ஆழமான பகுதிகள் அதற்குத் துணை நிற்கின்றன என்று கருதப்படுகிறது.

வலிக்கும்போது நம்மை அறியாமல் வாயில் வருவதும் அதனால்தான். பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் குழு, மாணவர்களைப் பனி போலக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னது. திட்டிக்கொண்டே வைத்தபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள். இதயத் துடிப்பும் ஏறியது. இது 2009இல். அப்புறம் 2020இல், புதிதாக உருவாக்கிய போலி வசைச்சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை. அடி வாங்கிப் பழகாத சொல்லுக்கு அந்தப் பலம் இல்லை. 2011இல் இன்னொன்றும் தெரிந்தது: தினமும் அதிகம் திட்டுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. சொன்னவரிடத்தில் சொல் மழுங்கிவிடுகிறது.

எந்தச் சொல்லில் நெருப்பை வைப்பது என்பதை அந்தந்தச் சமூகம் முடிவு செய்கிறது. தேவாலயத்தின் பிடியில் நெடுங்காலம் இருந்த கனடாவின் கியூபெக்கில், பூசைப் பாத்திரத்தின் பெயரே கடும் வசவு. நெதர்லாந்தில் புற்றுநோய், டைஃபஸ் என்று நோய்ப் பெயர்களைச் சொல்லித் திட்டுவார்கள். நம் ஊரில் சண்டை இரண்டு ஆண்களுக்கு நடுவே என்றாலும் இழுக்கப்படுவது அம்மா, அக்கா, தங்கை. சம்பந்தமே இல்லாத பெண்ணின் உடலைக் காட்டி ஓர் ஆணை அவமானப்படுத்தலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் அந்த வசவு வேலை செய்கிறது. எனக்கு அந்தச் சொல்லைவிட அந்த ஒப்புதல்தான் ஆபாசமாகத் தெரிகிறது.

மதிப்பீடுகள் மாறவும் செய்கின்றன. பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2016இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது, உடலுறவு பற்றிய பழைய கெட்ட வார்த்தைகளைவிட இனத்தை இழிவுபடுத்தும் சொற்களையே பலர் ஏற்க முடியாதவை என்றார்கள். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தார்கள்.

‘பேச்சுவாக்கில் வந்துவிட்டது, மனதில் ஒன்றுமில்லை’ என்று திட்டியவர் சொல்வதுண்டு. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். சொல்லிச் சொல்லி மழுங்கியிருக்கும். கேட்டவர் அந்தச் சொல்லைக் கற்றது வேறு இடத்தில். பள்ளியில், டீக்கடையில், கிணற்றடியில், தன் அப்பாவை யாரோ அப்படி அழைத்ததைப் பார்த்து.