மிஸ்ஸி முதலில் பார்த்தது

மழையில் நனைந்து இரத்தமும் பட்ட சட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் இரண்டு நாளில் நாறும். நாற்றத்தை விடுங்கள். ஈரமும் அடைசலும் கிடைத்ததும் பக்டீரியாவும் பூஞ்சணமும் பெருகி, துணியிலுள்ள இரத்தம், எச்சில் எல்லாவற்றிலும் இருக்கும் டீ.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். பிறகு ஆய்வுகூடத்துக்குப் போவது வெறும் அழுக்குத் துணிதான். சட்ட மருத்துவம் தெரிந்த தாதி அதனால்தான் கடதாசிப் பையைத் தேடுவார்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொடியில் போட்ட சேலை மூன்று நாளாகியும் காயாத மாதங்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சட்டையைக் காயவைப்பதே பெரிய வேலை. ஹீட்டருக்குப் பக்கத்தில் போடக் கூடாது, வெயிலிலும் போடக் கூடாது. சூடும் புற ஊதாக் கதிரும் டீ.என்.ஏ.யை உடைக்கும். அறைக் காற்றில், நிழலில், யார் கையும் படாத இடத்தில் உலர வேண்டும். உலர்ந்ததும் மடிப்புக்கு நடுவே சுத்தமான கடதாசி வைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிப் பையில் போட்டு, ஒட்டி, திகதியும் நேரமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சட்டையையும் பாவாடையையும் ஒரே பையில் போட்டால் ஒன்றிலுள்ள கறை மற்றதில் ஏறிவிடும். தொட்டது ஒட்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. 1910 இல் பிரான்சின் லியோன் நகரில் குற்றவியல் ஆய்வுகூடம் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்ட் இதைத்தான் வலியுறுத்தினார்: இரண்டு பொருட்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் தடயம் மற்றதில் தங்கும்.

தடயவியல் தாதியம் என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சர்வதேச தடயவியல் தாதியர் சங்கம் 1992 இல் அமெரிக்காவில் உருவானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1995 இல், அங்குள்ள தாதியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. இலங்கையில் காயங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதும், நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்வதும் சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. சரி, அப்படியென்றால் தாதிக்கு இங்கே என்ன வேலை? சட்ட வைத்திய அதிகாரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை. அவர் வரும்போது காயம் கழுவித் தைக்கப்பட்டிருக்கும், சட்டை கத்தரிக்கப்பட்டிருக்கும், அழுகை அடங்கியிருக்கும். இவையெல்லாம் நடக்கும் முன்பு அந்த உடம்பைப் பார்த்தவர் அவசர சிகிச்சைப் பிரிவு மிஸ்ஸிதான்.

மலையகத்தில் அந்த மிஸ்ஸிக்கும் முன்பே சிலர் பார்த்திருப்பார்கள். லயத்திலிருந்து தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கிருந்து த்ரீவீலரிலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸிலோ பக்கத்து ஆஸ்பத்திரி, அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் நுவரெலியா அல்லது கண்டி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று தவறி விழும். துணிப் பையை யார் யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்ற பதிவு அறுந்தால், அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் என்னதான் கண்டுபிடித்தாலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு ஒரு கேள்வி போதும்.

உயிரைக் காப்பதுதான் எப்போதும் முதல் வேலை. சட்டையைக் கத்தரிக்க வேண்டுமென்றால் கத்தரியுங்கள். ஆனால் கத்தி நுழைந்த ஓட்டையின் குறுக்கே வெட்டாமல், தையலோரமாக வெட்டுங்கள். இதற்கு ஒரு வினாடிகூட அதிகமாகாது.

காயத்தைப் பற்றி எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பட்ட காயமும் தடி பட்டு மண்டையில் பிளந்த காயமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். மண்டையோட்டுக்கு மேல் தோல் இறுக்கமாக இழுபட்டிருப்பதால் தடி பட்டாலும் நேர்க்கோடாகப் பிளக்கும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: கத்தி வெட்டில் எல்லாம் ஒரே சீராக அறுபட்டிருக்கும்; தடிக் காயத்தில் ஓரங்கள் நசுங்கி, உள்ளே மெல்லிய நரம்பும் திசு இழைகளும் பாலம் போட்டதுபோல அறுபடாமல் கிடக்கும். டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், 'வெட்டுக்காயம்' என்று அவசரத்தில் எழுதிவிட்டால், மாதக்கணக்கில் கழித்து நீதிமன்றம் 'கத்தி எங்கே?' என்று கேட்கும். கத்தியே இருந்திருக்காது. ஆகவே பெயர் வைப்பதை வைத்தியரிடம் விட்டுவிட்டு, எங்கே, எத்தனை சென்ரிமீற்றர், ஓரம் எப்படி என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவதுதான் பாதுகாப்பு. கன்றிப்போன காயத்தின் நிறத்தை வைத்து 'இது மூன்று நாள் பழசு' என்று நாள் குறிப்பதும் அப்படித்தான். மஞ்சள் நிறம் வந்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பதைத் தாண்டி நிறம் அதிகம் சொல்லாது. கறுத்த தோலில் அந்த மஞ்சளும் தெரியாமல் போகலாம். கொழுந்து பறிக்கும் கைகளில் தேயிலைக் குச்சி கீறிய தழும்புகள் எப்போதும் இருக்கும். அவற்றையும் எழுத வேண்டும், பழையவை என்று பிரித்து.

ஆனால் எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது காதுதான்.

தோட்டத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். "என்னம்மா நடந்தது?" என்று கேட்டால், "கழுத்தப் புடிச்சாரு மிஸ்ஸி, மத்தபடி ஒன்னுமில்ல" என்கிறாள். மிஸ்ஸிக்குத் தமிழ் அரைகுறை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் மொழிபெயர்க்கிறார். டிக்கெட்டில் 'கணவன் தாக்கியுள்ளார்' என்று ஏறுகிறது. அந்த ஒரு வரியில் காணாமல் போனது உயிர் போகக்கூடிய விஷயம். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தக் குழாய்கள் அமுங்கினால் பத்து வினாடிக்குள்ளேயே நினைவு தவறலாம். வெளியே ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்: அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கழுத்தை நெரித்த 300 வழக்குகளைத் திரும்பப் பார்த்தபோது, பாதிப் பேரின் உடம்பில் கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லை. உள்ளே இரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். ஆகவே தெரிந்த மிஸ்ஸி அடுத்த கேள்விகளைக் கேட்பார். குரல் மாறியிருக்கிறதா? எச்சில் விழுங்க வலிக்கிறதா? கண் இருட்டியதா? தன்னையறியாமல் சிறுநீர் போனதா? பிறகு இமையைப் புரட்டி, ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வெட்கப்பட்டு யாரும் தானாகச் சொல்லாத அந்தச் சிறுநீர்க் கேள்வி மூளைக்கு இரத்தம் எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டிவிடும்.

நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்று இந்தத் துறை வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். 'மிதிச்சான்' வேறு, 'ஒதைச்சான்' வேறு, 'தள்ளிவிட்டான்' வேறு. தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் சிங்களத்தில் பொருள் எழுதினால் போதும். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, இறந்துபோனவர் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனது நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். நள்ளிரவில் அதைக் கேட்பவர் பெரும்பாலும் வார்டில் நிற்கும் தாதிதான்.

பாலியல் வன்முறை என்றால் கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. பலர் பீலியில் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். குளித்துவிட்டாயே என்று கடிந்துகொள்ள ஒன்றுமில்லை, உள்ளே தடயம் இன்னும் இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இயங்கும் 'மித்துரு பியச', அதாவது நட்பு நிலையத்தில் பயிற்சி பெற்ற தாதிதான் முதலில் உட்கார்ந்து கேட்பவர். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதைப் பல பெண்கள் முதன்முதலில் அறிவதும் இப்படி ஒரு நாற்காலியில் அமர்ந்துதான்.

இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் போவோம். 1876 இல் கட்டிய கண்டி போகம்பறைச் சிறை 2014 தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலவுக்கு மாற்றப்பட்டார்கள். எந்தச் சிறையானாலும் தாதியின் மிக முக்கியமான நேரம் கைதி உள்ளே வந்த முதல் மணிதான். தினமும் கசிப்பு குடிக்கும் ஒருவர் வெள்ளி இரவு பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் நீதிவான் முன் நிறுத்தி, விளக்கமறியலுக்கு அனுப்புகிறார்கள். கடைசியாகக் குடித்து ஆறேழு மணியில் கை நடுங்கத் தொடங்கும். 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், உளறுவார். காவலருக்கு அது ஆர்ப்பாட்டமாகத் தெரியும். தெரிந்த தாதிக்கு அது உயிராபத்து. ஹெரோயின் நிறுத்தியவர் படும் அவஸ்தை பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அதனால் சாவது அரிது. சாராயத்தை நிறுத்தியவர்தான் சாகக்கூடியவர். "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்பது இங்கே ஒரு சிகிச்சை. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் விற்றமினைக் கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு கோடு போட வேண்டும். ஆஸ்பத்திரித் தாதி தடயம் சேர்க்கிறார். சிறைத் தாதி சேர்க்கக் கூடாது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், வெளியே கிடைக்கும் அதே தரத்தில் உள்ளேயும் சிகிச்சை வேண்டும் என்கின்றன. உடலின் உட்பகுதிகளைச் சோதனையிட வேண்டி வந்தால், அந்தக் கைதிக்கு வழக்கமாகச் சிகிச்சை அளிப்பவர் அதைச் செய்யக் கூடாது என்றும் சொல்கின்றன. காலையில் ஊசி போட்ட கை மாலையில் சோதனை போட்டால் மறுநாள் யார் அந்தக் கையை நம்புவார்கள்? ஆனால் அடித்த தடயத்தைக் கண்டால் எழுதி மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அது சிகிச்சையைச் சேர்ந்ததுதான்.

கடைசியாகக் காசநோய். நெரிசலான கூடத்தில் இருமல் வழியாக அது எளிதாகப் பரவும். சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. விளக்கமறியலில் இருப்பவர் எந்த நாளிலும் பிணையில் போகலாம், மூன்றாம் மாதத்திலும் போகலாம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அதனால் வெளியே போகும் முன்பே அவருடைய ஊரின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குத் தகவல் போயாக வேண்டும். விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். அந்தத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், கடிதமெல்லாம் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும். ஆகவே தாதி பேனாவை மூடாமல் மேலும் கேட்க வேண்டும்: எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயன், பீலிக்கு மேலேயா கீழேயா, எத்தனையாவது காம்பரா.