அம்பயர்: நடுவும் ஓரமும்

பேஸ்பால் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா சட்டென்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது 'பேட் கால்', அதாவது நடுவர் தவறாகச் சொல்லும் முடிவு. மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தால் 'மோசமான அழைப்பு' என்று தருகிறது. வாசகர் அதைத் தொலைபேசி அழைப்பு என்றே எடுத்துக்கொள்வார். சரி, 'மோசமான தீர்ப்பு' என்று எழுதலாமா? எனக்கு அதிலும் உடன்பாடில்லை. தமிழில் மோசம் என்ற சொல்லுக்குள் ஏமாற்று என்ற பொருளும் இருக்கிறது. 'மோசம் போனேன்' என்கிறோம், 'மோசக்காரன்' என்கிறோம். நடுவரின் கண் தவறிப்போனதைச் சொல்ல வந்த நாம், அவர் வஞ்சகம் செய்ததாகச் சொல்லிவிடுகிறோம். பேஸ்பால் ரசிகர்களின் கோபமும் பல நேரம் இதே இடத்தில்தான் வழி தவறுகிறது. அதனால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் 'அம்பயர்'. இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'நொன்' என்றால் அல்லாத, 'பெர்' என்றால் இணை அல்லது சமம். இரண்டும் சேர்ந்து 'நோம்பெர்': இணை அல்லாதவர், ஜோடியில் சேராத ஒற்றை ஆள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதன் தலையில் 'ந' இருந்தது. ஆங்கிலத்தில் 'ஒரு' என்ற பொருளில் மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'அ' வரும், உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'அன்' வரும். 'அ நவும்பெர்' என்று ஒருவர் சொன்னதை மற்றவர் 'அன் அவும்பெர்' என்று பிரித்துக் கேட்டார். 'ந' முன்னால் இருந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நின்றதுதான் அம்பயர்.

இப்படித் தலையெழுத்தை இழந்த சொற்கள் இன்னும் உண்டு. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'. ஆரஞ்சு நமக்கு இன்னும் நெருக்கம். நம் நாரத்தையோடு உறவுள்ள சொல் அது. அரபியில் நாரஞ்ச்; ஸ்பானிஷில் இன்றும் 'ந' போகவில்லை. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வரும்போதுதான் அது உதிர்ந்தது.

சரி, தீர்ப்புச் சொல்பவருக்கு ஏன் 'இணை அல்லாதவர்' என்று பெயர்? இருவருக்குள் வழக்கு. ஆளுக்கு ஒருவரைப் பேச அழைத்து வருகிறார்கள். அந்த இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக, எந்தப் பக்கத்துக்கும் ஜோடி இல்லாத ஒருவரை உட்கார வைக்கிறார்கள். அவர் சொல்வதுதான் முடிவு. இந்த மூன்றாம் ஆளைத்தான் அம்பயர் என்றார்கள். விளையாட்டுக்கு இந்தச் சொல் வந்தது பிற்பாடு. 'ரெஃப்ரீ' என்பது வேறு வேர். வழக்கை யாரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறோமோ அவர் ரெஃப்ரீ.

பேஸ்பாலின் ஆரம்ப நாட்களில் இந்தப் பொருள் தலைகீழாகவே இருந்தது. அணிக்கு ஒரு அம்பயர், அந்த இருவரும் முரண்பட்டால் தீர்த்துவைக்கப் பொதுவாக மூன்றாவது ஆள் என்று ஏற்பாடு. அதாவது அம்பயரே ஒரு பக்கத்து ஆள். தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் பக்கத்துப் பையனே அம்பயராக நின்று, தன் அண்ணனுக்கு அவுட் கொடுக்க முடியாமல் தவிப்பானே, கிட்டத்தட்ட அந்த நிலை. 1858இல் ஆட்டத்துக்கு ஒரே அம்பயர் என்று விதி வந்தது. சொல்லும் ஆளும் அப்போதுதான் ஒன்றானார்கள்.

தமிழில் நமக்கு 'நடுவர்' இருக்கிறது. கடன் வாங்கவும் வேண்டாம், புதிதாகச் செய்யவும் வேண்டாம். பட்டிமன்றத்தில் நடுவர், கிரிக்கெட்டில் நடுவர், நீதிமன்றப் பலகையில் குற்றவியல் நடுவர். 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்தின் பெயரை அறியாத விவசாயி டெல்டாவில் கிடையாது. இரு தரப்பு வழக்கில் மூன்றாமவர் என்ற பழைய பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. இலங்கையில் 'மத்தியஸ்தர்' என்ற சொல்லும் வழங்குகிறது. ஊர்ப் பிணக்கைத் தீர்க்கும் மத்தியஸ்த சபைகளும் உண்டு. மத்தியில் நிற்பவர் மத்தியஸ்தர். சொல் வடமொழி, பொருள் அதே நடு.

ஆங்கிலச் சொல் ஆளை எண்ணிப் பார்க்கிறது, இவர் ஒற்றை என்கிறது. தமிழ்ச் சொல் அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது. எனக்குத் தமிழ்ச் சொல்தான் கூடுதல் பிடித்தம். காரணம், நடுவுக்கு எதிர்ச்சொல்லையும் தமிழ் கையோடு வைத்திருக்கிறது: ஓரம். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் 'நடுவு நிலைமை'. அங்கே நடுவு தவறுவதற்கு வரும் சொல் 'கோடுதல்', அதாவது வளைதல். துலாக்கோல் ஒரு பக்கம் சாய்வது. ஆத்திசூடியின் கடைசி வரி 'ஓரஞ் சொல்லேல்'. வழக்கில் ஒரு பக்கமாகப் பேசாதே என்று பொருள். இன்றைக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குள் பாகுபாடு காட்டினால் 'ஓரவஞ்சனை' என்கிறோம். அகராதியில் 'நடுவன்' என்று பார்த்தால் இன்னொரு பொருளும் கிடைக்கும்: யமன். ஏழை, பணக்காரன் என்று யாருக்கும் ஓரம் சொல்லாதவன் என்பதால் அந்தப் பெயர்.

அமெரிக்காவில் கூட்டம் அந்த நடுவனின் உயிரையே கேட்கும். 'அம்பயரைக் கொல்லு' என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அரங்கக் கூச்சலாக ஊறிவிட்டது. 1888இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வந்த புகழ்பெற்ற பேஸ்பால் கவிதையில் 'ஸ்ட்ரைக்' என்று பேட்டருக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்த நடுவரைப் பார்த்து ஒரு ரசிகர் இதையேதான் கத்துகிறார்.

அங்கே நடுவரைக் கூப்பிடும் பெயர் 'ப்ளூ'. நீலச் சட்டை காரணம். 'ஏய் ப்ளூ' என்று தொடங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் கண்ணாடி வாங்கச் சொல்லும் அறிவுரை. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் டாட்ஜர்ஸ் ரசிகர்களே சேர்ந்து ஒரு வாத்தியக் குழு நடத்தினார்கள். நடுவர்கள் மைதானத்துக்குள் வரும்போது 'மூன்று குருட்டு எலிகள்' என்ற குழந்தைப் பாட்டை வாசிப்பார்கள். 1985இல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில், சிறிய லீக் ஆட்டம் ஒன்றில், ஆர்கன் வாசிப்பவரான வில்பர் ஸ்னாப் தன் அணிக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்ததும் இதே பாட்டை வாசித்தார். நடுவர் திரும்பிப் பார்த்து அவரையே அரங்கிலிருந்து வெளியேற்றிவிட்டார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அதே 1985இல் நடந்த இன்னொன்றைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், அக்டோபர் 26, கான்சஸ் சிட்டி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தொடரில் 3-2 என்று முன்னிலை. இந்த ஆட்டத்திலும் ஒன்பதாவது, அதாவது கடைசி, இன்னிங்ஸ் வரை 1-0 என்று முன்னிலை. கான்சஸ் சிட்டி ராயல்ஸின் ஹோர்ஹே ஓர்ட்டா பந்தைத் தரையோடு தட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடுகிறார். பந்து அவருக்கு முன்பே வந்துவிட்டது. நடுவர் டான் டென்கிங்கர் 'சேஃப்' என்று இரு கையையும் விரித்தார். தொலைக்காட்சியில் மறுபடி போட்டுக் காட்டியபோது, ஓர்ட்டா அவுட் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

முதல் தளத்தில் நிற்கும் நடுவருக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. கண் தளத்தின் மேல், காது கையுறையின் மேல். கால் தளத்தில் படுவதைப் பார்க்க வேண்டும், பந்து தோலில் 'பட்' என்று விழுவதைக் கேட்க வேண்டும். எது முந்தியதோ அதுதான் தீர்ப்பு: பந்து என்றால் அவுட், கால் என்றால் சேஃப். அன்றைக்கு அரங்கமே அலறிக்கொண்டிருந்தது. சத்தத்தில் பந்து விழுந்த ஒலி கேட்கவில்லை. அவர் நின்ற இடமோ மிக அருகில். பந்து வீசுபவரான, உயரமான பிட்சர் டாட் வொரல் முதல் தளத்தில் கையை மேலே நீட்டிப் பந்தைப் பிடித்தார். மேலே பார்த்தால் கீழே கால் தெரியாது. இது பிழை. யார் பக்கமும் சாய்ந்து சொன்னது இல்லை.

ராயல்ஸ் 2-1 என்று வென்றது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸ் 11-0 என்று நொறுங்கியது. செயின்ட் லூயிஸ் வானொலியில் டென்கிங்கரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அறிவித்தார்கள். அயோவாவில் இருந்த அவர் வீட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பழைய அரங்கக் கூச்சல் கடிதமாக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அந்த ஆட்டத்தின் விவரத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். பிழையால் பிழைத்த அந்த ஓர்ட்டா ஓட்டமே எடுக்கவில்லை. அதே இன்னிங்ஸில் மூன்றாவது தளத்தில் அவுட் ஆனார். கார்டினல்ஸ் தரப்பில் எளிய கேட்ச் ஒன்று தரையில் விழுந்தது, பந்து ஒன்று பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரைத் தாண்டிப் போனது. ஆனாலும் செயின்ட் லூயிஸில் அந்தத் தோல்வி இன்றும் டென்கிங்கர் பெயரிலேயே கிடக்கிறது. அவர் 2023இல் காலமானார்.

25 ஆண்டு கழித்து, 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பேஸ்பாலில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்றால் ஒரு பிட்சர் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூடத் தளம் தொடாமல் வீழ்த்துவது. அதற்கு முந்தைய நூற்றுமுப்பது சொச்ச ஆண்டுகளில் 20 முறைதான் நடந்திருந்தது. டைகர்ஸ் அணியின் அர்மாண்டோ கலாரகா 26 பேரை வீழ்த்திவிட்டார். 27ஆவது ஆள் கிளீவ்லாந்தின் ஜேசன் டொனால்ட். தரைப் பந்து. மிகெல் கப்ரேரா எடுத்து வீச, கலாரகாவே ஓடிவந்து முதல் தளத்தில் பிடித்தார். ஒரு தப்படி வித்தியாசத்தில் அவுட். நடுவர் ஜிம் ஜாய்ஸ் கையை விரித்தார்: சேஃப்.

கலாரகா சிரித்தார். வாதாடவில்லை, கையுறையை வீசவில்லை. திரும்பிப் போய் அடுத்த ஆளை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். அரங்கம் ஊளையிட்டது. உடைமாற்றும் அறையில் ஒளிப்பதிவைப் பார்த்த ஜாய்ஸ் அழுதுவிட்டார். அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று செய்தியாளர்களிடம் தானே சொன்னார். கலாரகாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் அதே இரு அணிகள். பேட்டர் நிற்கும் தாய்த் தளத்துக்குப் பின்னால் நிற்கும் முறை ஜாய்ஸுக்கு. ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுக்கும் வழக்கம் உண்டு, மேலாளர்தான் கொண்டுவருவார். அன்றைக்குக் கலாரகாவின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முந்தைய இரவு ஊளையிட்ட டெட்ராய்ட் ரசிகர்களில் பெரும்பாலோர் அப்போது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு முக்கியம். ஓரம் வேறு, பிழை வேறு என்று ஓர் அரங்கமே பிரித்துக் காட்டிய நாள் அது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. நடுவர் தன் கணிப்பில் சொன்னது இறுதி என்ற விதி அப்படியே நின்றது.

சென்னைத் தெருவில் இதற்கு 'போங்கு' என்று கத்துவோம், இன்னும் சில ஊர்களில் 'அழுகுணி ஆட்டம்'. அவை வேண்டுமென்றே செய்த ஏமாற்றைக் குறிக்கும் சொற்கள். ஜாய்ஸ் செய்தது போங்கு இல்லை. ஆகவே என் பரிந்துரை இது: கண் தவறிச் சொன்னால் 'பிழைத்தீர்ப்பு', அறிந்தே சாய்ந்து சொன்னால் 'ஓரத்தீர்ப்பு'. முன் செய்த பிழையைச் சரிக்கட்ட அடுத்ததை எதிரணிக்குக் கொடுப்பதை அங்கே 'மேக்கப் கால்' என்பார்கள். 'ஈடுகட்டும் தீர்ப்பு' என்று எழுதலாம். என் கணக்கில் அதுவும் ஓரத்தீர்ப்புதான், நல்லெண்ணத்தில் செய்தாலும் கோல் சாய்ந்துவிட்டது. இரண்டிலும் சேராத இடமும் உண்டு. 2012 அக்டோபர் 5, அட்லாண்டாவில் ஒரு உயரப் பந்துக்கு 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்று, அதாவது எளிதில் பிடிக்கக்கூடியது என்பதால் பிடிக்காவிட்டாலும் அடித்தவர் அவுட் என்று, நடுவர் கை தூக்கினார். பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே தரையில் விழுந்தும் அடித்தவர் அவுட். ரசிகர்கள் பாட்டில்களையும் குப்பையையும் வீசி 19 நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அது விதியைப் பொருத்திப் பார்ப்பதில் வந்த தகராறு. அங்கே 'சர்ச்சைக்குரிய தீர்ப்பு' என்ற நாளிதழ்த் தொடரே பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதையே போட்டு எழுதுவதில்தான் எனக்கு வருத்தம்.

'கால்' என்பதற்குத் தீர்ப்பு என்றே எழுதிவிட்டேன். அதில் ஒரு சாயல் விடுபடுகிறது. அங்கே நடுவர் ஸ்ட்ரைக்கை உரக்கக் கூவுவார். பிட்சர் வீசும் மேட்டிலிருந்து தாய்த் தளம் 60 அடி 6 அங்குலம். வேகப் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். 17 அங்குல அகலத் தளத்தின் மேல், முழங்காலுக்குக் கீழிருந்து நடு மார்பு வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பந்து அதைத் தொட்டால் ஸ்ட்ரைக், தொடாவிட்டால் 'பால்' (ball). கூவிய பிறகுதான் பந்துக்குப் பெயரே வரும்.

இந்தக் கூவல்தான் இப்போது கைமாறுகிறது. 2014இல் அவுட், சேஃப் போன்ற பெரும்பாலான தீர்ப்புகளை நியூயார்க்கில் ஒளிப்பதிவு பார்த்துத் திருத்தும் முறை வந்தது. ஜாய்ஸின் பிழை இன்று நடந்தால் சில நிமிடத்தில் திருந்திவிடும். தென் கொரிய லீக் 2024இல் ஸ்ட்ரைக், பால் இரண்டையும் கருவியிடமே கொடுத்துவிட்டது. காதுக் கருவியில் வருவதை நடுவர் அறிவிக்கிறார். அமெரிக்காவில் 2026 பருவத்துக்கு ஒப்புக்கொண்ட ஏற்பாடு வேறு. நடுவரே கூவுவார், அணிக்கு இரண்டு முறையீடு, பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டிக் காட்டினால் பந்து போன பாதை பெரிய திரையில் வரும். முறையீடு சரியென்றால் அது கணக்கில் கழியாது. இதற்கு 'சேலஞ்ச்' என்ற சொல்லை நாம் அப்படியே எடுக்க வேண்டியதில்லை. நடுவரிடம் போவது முறையீடு என்று நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கே தெரியும்.